கால் சுற்று தளர்ந்த திருகு

அன்புள்ள ஜோ,

போன வியாழக்கிழமை ஓசூரிலிருந்து போன் செய்தபோது ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டாய். நீ வாங்கியிருக்கிற பழைய டீசல் கார் மேடு ஏறும்போது முக்குகிறது, பில்டரை மாற்றச் சொல்கிறார்கள், அதை நானே மாற்றிக்கொள்ள முடியுமா அம்மா என்பது முதல் கேள்வி. கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகையைச் சேவியர் மாமாவுக்குத்தானே வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நீ கேட்ட இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது, அது போனில் சொல்லி முடிகிற நீளம் இல்லை. அதனால்தான் உன் அப்பா தூங்கும் இந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சமாதானக் கடிதம் என்று நினைத்துப் படிக்காதே. பதினொரு வருஷமாக என் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன், எழுதும்போது அது இன்னும் நன்றாகச் சூடாகிறது.

சுலபமான கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மாற்றலாம். நீயேதான் மாற்ற வேண்டும். இனி உன் வண்டியின் பானெட்டை இன்னொருவர் திறக்கும்போது நீ தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டீசல் பில்டர் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற டீசலை வடிகட்டுகிற ஒரு டப்பா, உள்ளே மடித்து மடித்து வைத்த காகிதம். அது அழுக்கில் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குப் போதிய டீசல் போகாது, மேட்டில் முக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வெளிச்சத்தில், காற்றோட்டமான இடத்தில் செய். பக்கத்தில் எவரும் பீடி பிடிக்க விடாதே. கீழே ஒரு பழைய தட்டை வை. டப்பாவில் சேருகிற குழாய்களில் எது உள்ளே வருவது, எது வெளியே போவது என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள். புது டப்பாவின் மேல் அம்புக்குறி போட்டிருந்தால் அதையும் பார். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதே, புதியதில் விரலால் கொஞ்சம் டீசலைத் தடவிப் போடு. புது டப்பாவில் சுத்தமான டீசலை நிரப்பிவிட்டு மாட்டு. பழையதையே பெட்ரோலில் கழுவி மாட்டித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அவனை வாசலோடு அனுப்பிவிடு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டப்பாவை மாற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். டீசலுக்கு நடுவே காற்று வந்தால் எஞ்சின் ஓடாது. நம் பழைய வண்டியில் பில்டரின் தலையில் ஒரு சின்னத் திருகும், அதன் பக்கத்தில் கையால் அமுக்குகிற ஒரு பம்ப்பும் இருக்கின்றன. உன் வண்டியில் அது ரப்பர் குமிழாக இருக்கலாம், அந்த வண்டிக்கு உரிய முறையைப் புத்தகத்தில் பார்த்துக்கொள். நம் வண்டியில் திருகைக் கால் சுற்று தளர்த்திவிட்டுப் பம்பை அமுக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று வெறும் டீசல் வருகிறவரை அமுக்கிவிட்டுத் திருகை இறுக்க வேண்டும். இதை மெக்கானிக்குகள் ஏர் எடுப்பது என்பார்கள். அந்தத் திருகை இறுக்க மறந்தாலோ, இறுக்கியதை வேறு எவராவது தளர்த்தினாலோ, வண்டி உடனே நிற்காது. ஸ்டார்ட் ஆகும், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும், பிறகு திணறித் திணறி நடுரோட்டில் நிற்கும். எஞ்சின் டீசலை உறிஞ்சி இழுப்பதால் தளர்ந்த திருகு வழியாக டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் கறை இருக்காது. செய்தது யார் என்று காட்டிக்கொடுக்க ஒரு தடயமும் இருக்காது. இதையெல்லாம் நான் இவ்வளவு விவரமாகச் சொல்லத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உன் சேவியர் மாமாதான்.

உனக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நடந்த வருஷம், சர்க்கரை முற்றி அப்பாவின் இடது கால் விரல்களை எடுத்தார்கள். அதன் பிறகு அவரால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்த டாக்ஸி நம் விம்கோ நகர் வீட்டு வாசலில் இரண்டு மாதம் கரித்தூளையும் உப்பையும் வாங்கிக்கொண்டு நின்றது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன். திருவொற்றியூரிலிருந்து தையல் கம்பெனிப் பெண்கள் ஐந்து பேரைக் காலையில் ஏற்றி மீஞ்சூர் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று பேசி முடித்தேன். அந்த வாரமே ராயபுரத்திலிருந்து என் அண்ணன் வந்தான். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான், மாதா கோயில் திருவிழாக் கமிட்டியில் இருந்தான், அவன் பேச்சுக்கு எல்லா இடத்திலும் மதிப்பு இருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

“இன்னா பாப்பா, டாக்ஸி ஓட்டறது பொம்பளைங்க பண்ற வேலயா? கோயில்ல நாலு பேரு கேக்கறான். என் மூஞ்சிய எங்க கொண்டும்போயி வெச்சிக்கறது? வண்டிய வித்துட்டு வூட்ல குந்து. உங்க அண்ணி கடைல வந்து மசாலா பாக்கெட் போடு.”

“நான் குந்திகினா இந்த வூடே குந்திக்கும் அண்ணே” என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான். செய்தித்தாளில் சுற்றிய ஸ்பேனர்கள் கையில் இருந்தன. நாளைக்கு நீ ஓட்டப் போற வண்டி, நான் ஒருவாட்டி பாத்துர்றேன் என்று சொல்லிப் பானெட்டைத் திறந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்த்துப் பேசினாலும் கூடப்பிறந்தவன் விடுவானா என்று உள்ளே போய்ச் சங்கரா மீன் குழம்பு வைத்தேன். உனக்கும் மாமா வந்தால் கொண்டாட்டம், காசிமேட்டுக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவனைச் சுற்றிச் சுற்றி வருவாய். அவன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

மறுநாள் திங்கட்கிழமை எர்ணாவூர் மேம்பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது. போன் செய்தேன், அவன் பைக்கில் பறந்து வந்தான். பானெட்டுக்குள் கையை விட்டு ஏதோ செய்தான், வண்டி ஓடியது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கேட்கிற மாதிரி, “ஏர் புடிச்சிகிச்சு பாப்பா. கிளட்ச்ச பாத்து மெறிக்கணும், கண்டபடி மெறிச்சா இப்டித்தான் பேஜாரு பண்ணும்” என்றான். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தான், குழம்பு சாப்பிட்டான். அடுத்த திங்கள் மறுபடி நின்றது. மறுபடி வந்தான், மறுபடி கிளட்சைத்தான் சொன்னான். கிளட்சுக்கும் பில்டரில் ஏறுகிற காற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இன்றைக்கு உனக்கு நான் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஐந்து பெண்களில் ஒருத்தி ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டாள். உன் அப்பாவும், “சேவியரு சொன்னா கரெக்டாத்தாம்மே இருக்கும், உனக்கு இந்த வண்டி ராசியில்ல” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்படியில் யாரும் பார்க்காதபோது அரிசி டின்னைச் சாய்த்து வைத்து, அதன் மேல் இடது காலை வைத்து, மெதுவாக அமுக்கி மெதுவாக எடுத்துப் பழகினேன். ஒரு வாரம் முழுக்கப் பழகினேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்.

மூன்றாவது தடவை நின்றது உனக்கு நன்றாக நினைவிருக்கும். அன்றைக்குத்தான் காட்டுப்பள்ளிப் பக்கம் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு உனக்கு நேர்முகம். நம் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற துறைமுகக் கிரேன்களைச் சின்ன வயதிலிருந்து எண்ணிக்கொண்டு வளர்ந்தவன் நீ. ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்தப் பெண்களோடு உன்னையும் முன்சீட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். எண்ணூர் சாலையில் முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள் நிற்க, நடுவில் வண்டி திணறி நின்றது. மாமா போனை எடுக்கவில்லை. இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீ சர்டிபிகேட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடினாய். பெண்களும் இறங்கி நடந்தார்கள். நீ போய்ச் சேரும்போது கேட்டைப் பூட்டியிருந்தார்கள் என்பதும், அதற்குப் பிறகு அந்தப் பயிற்சிக்கு ஆளே எடுக்கவில்லை என்பதும் உனக்குத் தெரிந்த கதை. நீ ஓடிய பிறகு அங்கே நடந்தது உனக்குத் தெரியாத கதை.

என் பின்னால் நின்ற லாரிக்காரர் வழி கிடைக்காமல் இறங்கி வந்தார். லுங்கி, நரைத்த மீசை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பானெட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், பில்டர் தலையில் விரலை வைத்துப் பார்த்தார்.

“யக்கா, இது தானா லூஸ் ஆவற ஸ்க்ரூ இல்ல. எவனோ ஸ்பேனர் போட்டு கால் சுத்து தொறந்து வுட்டுக்கிறான். டீசல் வெளிய வராது, காத்த உள்ள இஸ்துக்கும். யாரு இதுல கைய வெச்சது?”

“எங்க அண்ணன் மட்டுந்தான் வெச்சாரு. மெக்கானிக்கு” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பம்பைக் காட்டி, “நீயே அமுக்குக்கா. இன்னிக்கு நான் கீறேன், நாளைக்கு எவன் வருவான்?” என்றார். அமுக்கினேன். குமிழி நின்றது, இறுக்கினேன், வண்டி ஓடியது. என் கையால் முதல் தடவை ஓடியது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களில் அவரும் ஒருவர், பெயர் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ரோட்டில் போகிறவர் சொன்னதை வைத்துக் கூடப்பிறந்தவனைச் சந்தேகப்படலாமா என்று ஆறு நாள் எனக்குள் சண்டை. அடுத்த ஞாயிறு விடிந்ததும், உன் மாமா மகள் ஸ்டெல்லா நம் வீட்டில் மறந்துவிட்டுப் போன சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். திருகின் தலையில் தொடங்கி அதன் கீழே இருக்கிற இரும்பு வரை முடி மாதிரி மெல்லிய ஒரு கோடு இழுத்தேன். திருகு அசைந்தால் கோடு இரண்டாகிவிடும். அவன் வந்தான், பானெட்டைத் திறந்தான், மூடினான், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். குழம்பை ஊற்றிவிட்டு, பூனைக்கு முள் போடுகிறேன் என்று வெளியே போய்ப் பார்த்தேன். கோடு உடைந்திருந்தது, சரியாகக் கால் சுற்று.

ஜோ, திருகைத் தளர்த்தியதைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். தங்கை டாக்ஸி ஓட்டுவது அவமானம் என்று நினைக்கிற ஆட்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவனும் ஒருவன் என்று விட்டிருப்பேன். எனக்கு ஓட்டத் தெரியாது, என் கால் சரியில்லை, என் ராசி சரியில்லை என்று என்னையே நம்பவைத்தான் பார், அரிசி டின்னை மிதிக்க வைத்தான் பார், அதை மன்னிக்க மாட்டேன். என் சோற்றைத் தின்றுகொண்டே அதைச் செய்தான். உன் கிரேனையும் அதோடு சேர்த்துத் தின்றான். நீ ஓசூரில் கிடங்கு வேலையில் சந்தோஷமாக இருக்கிறாய், அங்கேதான் உனக்குப் பிடித்த பெண்ணும் கிடைத்தாள், எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் என் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை.

அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அவன் போனதும் ஸ்பேனரை எடுத்துத் திருகை இறுக்கி, கோட்டைக் கோட்டோடு சேர்த்தேன். திங்கட்கிழமை முழுக்க அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். சாயங்காலம் அவனே வந்துவிட்டான்.

“இன்னா பாப்பா, வண்டி ஓடுச்சா?”

“ஜோரா ஓடுச்சு அண்ணே.”

“எங்கியும் நிக்கல?”

“நிக்கறதுக்கு இன்னா கீது? கிளட்ச்ச பாத்து மெறிச்சேன்.”

அந்த முகத்தைப் பார்க்க இன்னும் பத்து வருஷம் சோறு போடலாம் என்று தோன்றியது. அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தளர்த்துவான், ஞாயிறு சாயங்காலம் நான் இறுக்குவேன். இடையில் இன்னொரு வேலையும் செய்தேன். அவன் பானெட்டுக்குள் குனிந்திருக்கும்போது பக்கத்தில் நின்று, இது எதுக்கு அண்ணே, அது எதுக்கு அண்ணே என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். அவனுக்குப் பெருமை தாங்காது. இவளுக்கு எங்கே புரியப் போகிறது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். அவன் சொன்னதைத்தான் இப்போது உனக்குச் சொல்கிறேன். ஆயில் அளவு பார்க்கிற கம்பியைச் சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு, துடைத்துவிட்டு இரண்டாவது தடவை விட்டுப் பார். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதே. எண்ணூர்க் கரித்தூளில் ஏர் பில்டர் மற்ற ஊரைவிடச் சீக்கிரம் அடைக்கும், ஓசூரில் உனக்கு அந்தத் தொல்லை குறைவு. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலைன் தடவு. டீசல் பில்டரின் அடியில் ஒரு திருகு இருந்தால் அதை அவ்வப்போது திறந்து, சேர்ந்திருக்கிற தண்ணீரை வடி. வித்தையில் அவன் கெட்டிக்காரன், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஏழாவது ஞாயிறு எனக்கு ஒரு ஆசை வந்தது. கோட்டைத் தடிமனாக, பளிச்சென்று போட்டேன். அவன் குனிந்தான். கட்டைவிரல் நகத்தால் கோட்டைச் சுரண்டிப் பார்த்தான். பானெட்டை மெதுவாக மூடிவிட்டு, “எனக்கு வேல கீது பாப்பா” என்று சாப்பிடாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு என் வண்டியை அவன் தொட்டதில்லை. அவனும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். எனக்குப் போதவில்லை. ஞாயிறு காலையில் தெருவில் உள்ளவர்களின் வண்டிக்கு வாசலிலேயே பில்டர் மாற்றிக்கொடுக்கத் தொடங்கினேன். பூசை முடிந்து அவனுடைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் என் வாசலில் நின்றதை அவன் பார்த்தான். அதுவும் போதவில்லை. அடுத்த வருஷம் ஸ்டெல்லாவுக்கு நிச்சயம் வந்தது.

மாப்பிள்ளை வீடு மீஞ்சூர். அந்தக் குடும்பத்தில் உடம்புக்கு முடியாத பெரியவர் ஒருவர் இருந்ததால் பெண்ணை அங்கேயே அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். நம் வீடு வழியில் இருந்ததால் தட்டுகளை நான்தான் அடுக்கினேன். காலையில் அவன் தன் காரை நம் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் கொடுத்து, “பாப்பா, தட்டெல்லாம் டிக்கில வெச்சிரு” என்று காபி குடிக்க உள்ளே போனான். பதினொரு தட்டையும் வைத்தேன். பிறகு பானெட்டைத் திறந்தேன். நம் வண்டி மாதிரியே பில்டர். முதலில் திருகின் மேல் சிவப்புக் கோட்டைப் போட்டேன். நகப்பூச்சு காய வேண்டும் அல்லவா, வாயால் ஊதினேன். காய்ந்த பிறகு கால் சுற்று திருப்பினேன்.

கத்திவாக்கம் தாண்டியதும் அவன் கார் நின்றது. நீ என் வண்டியில் பின்னால் இருந்தாய். வெயில் அன்றைக்கு மண்டையைப் பிளந்தது, நீதான் இறங்கிப் போய் ஸ்டெல்லாவுக்குக் குடை பிடித்தாய். பட்டுச் சட்டையும் பட்டு வேட்டியுமாக இருந்ததால் அவனுக்குப் பானெட்டைத் திறக்க மனசில்லை. சாவியைத் திருகித் திருகிப் பேட்டரியையும் இறக்கினான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ரோட்டில் நின்று, மெக்கானிக் வண்டியே நின்னுபோச்சே என்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கோட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இன்னா அண்ணே, ஏர் புடிச்சிகிச்சா?” என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். “கிளட்ச்ச பாத்து மெறிக்கணும்.”

இவள்தான் செய்தாள் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று எவராவது கேட்பார்கள். அதற்கு அவன் என்ன சொல்வான்? பட்டுச் சட்டையில் டீசல் வழிய வழியப் பம்பை அமுக்கினான். பேட்டரிக்கு என் வண்டியிலிருந்துதான் ஒயர் போட்டுக் கொடுத்தேன். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் தாமதம். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் அங்கே போட்ட பிரியாணியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இனி சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது. நான் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா இன்னொருத்தியிடம், “நிச்சயத்துக்கு வர வழியிலயே வண்டி நின்னுகிச்சே, இந்தப் பொண்ணு இன்னா ராசியோ” என்று சொன்னது காதில் விழுந்தது. கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வீட்டில் மோட்டார் எரிந்தால், கேஸ் தீர்ந்தால், மாமனாருக்குக் காய்ச்சல் வந்தால், இவள் வந்த நேரம் என்பார்கள். முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்துகொண்டு, “அன்னிக்கு வண்டி நின்னதுக்கு நான் இன்னாத்த பண்ணுவேன் அத்த?” என்று அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் அப்பா செய்ததை அப்படியே எடுத்து அவளுக்கு நான் செய்திருந்தேன், அதுவும் அவளுடைய நகப்பூச்சிலேயே. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். அண்ணனுக்குச் செய்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன் ஃபாதர், அவனுக்காக இல்லை என்றேன். அவர் வெகுநேரம் இருமினார்.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். முதல் பத்திரிகை ஸ்டெல்லாவுக்கு. நானும் உன்னோடு மீஞ்சூர் வருகிறேன். பத்திரிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வண்டி ஏன் நின்றது என்று அவள் மாமியார் முன்னாலேயே சொல்லப் போகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும், வாசலில் நிற்கவைத்துத் திட்டட்டும். ஸ்டெல்லா இனிமேல் என்னை அத்தை என்று கூப்பிடாமல் போனால் அதையும் வாங்கிக்கொள்கிறேன். நான் ஏன் செய்தேன் என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது உன் மாமா செய்ததையும் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டாவது பத்திரிகை மாமாவுக்கு. தட்டில் வெற்றிலை, பழம், பூவோடு ஒரு சிவப்பு நகப்பூச்சுப் பாட்டிலையும் வை. இது எதுக்கு என்று அவன் கேட்க மாட்டான், கேட்டால் அம்மா கொடுத்தாங்க என்று மட்டும் சொல். தாய்மாமன் மாலை போட்டு, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கோயிலுக்குக் கூட்டிப் போவதுதான் நம் வழக்கம். அந்த இடத்தை அவனுக்கு மறுத்தால் ஊர் என்னைத்தான் கேட்கும், அவனும் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவான். நிம்மதியாக எதற்கு உட்கார வேண்டும்? வரட்டும். நம் பழைய டாக்ஸிதான் கல்யாண வண்டி, பூ கட்டி நானே ஓட்டுகிறேன். பின்சீட்டில் உன் பக்கத்தில் அவன் மாலையும் மோதிரமுமாக உட்கார்ந்து, விம்கோ நகரிலிருந்து ராயபுரம் கோயில் வரை என் கிளட்ச் மிதிப்பைப் பார்த்துக்கொண்டே வரட்டும்.

ஒரே ஒரு வேலை உனக்கு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் பில்டரை மாற்றி, ஏர் எடுத்து, திருகை இறுக்கி, புதுக் கோடு போட்டு வைக்கிறேன். காலையில் மாமா வந்து மாலை போட்ட பிறகு, கிளம்புவதற்கு முன்னால், பட்டு வேட்டி அழுக்காகாமல் மடித்துக் கட்டிக்கொண்டு நீயே பானெட்டைத் திறந்து பார். கோடு நேராக இருந்தால் அவன் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொள். கோடு விலகியிருந்தால் பயப்படாதே, உனக்குத்தான் இப்போது தெரியுமே. குமிழி நிற்கும்வரை அமுக்கு, இறுக்கு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சிரித்த முகமாக அவன் பக்கத்தில் உட்கார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. உன் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும், அவனை என்னிடம் விட்டுவிடு.

உன் அம்மா